மூடியை நீயே பார்த்துக்கொள்

விருந்தோம்பல் என்று தலைப்பில் போட்டுவிட்டால் அவையில் பாதிப் பேர் மனத்துக்குள் அனிச்சப் பூவை எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்தக் குறள் உங்களுக்குத் தெரியும். அதை நான் சொல்லப்போவதில்லை. இன்று போக வேண்டியது ஹோமரின் ஒடிசியில் வரும் ஸ்கேரியா என்ற கடற்கரை நாட்டுக்கு. அங்கே ஃபேயாக்கியர் என்னும் கப்பலோட்டிகள் வாழ்கிறார்கள். அரசன் அல்கினூஸ். அரசி ஆரேத்தே. கரை ஒதுங்கிய, பெயர் சொல்லாத, கையில் காசில்லாத ஒருவனை அந்த வீடு எப்படி ஏற்றது, எப்படி வழியனுப்பியது என்பதை அரசியின் கைகளைப் பார்த்தபடி தொடர்வோம். கைகளை என்று சொல்லக் காரணம் உண்டு. காவியத்தின் 24 பகுதிகளில் இவள் வாய்திறந்து பேசுவது மூன்றே தடவை. மூன்றையும் கூட்டினால் 12 வரி.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். ஆங்கில எழுத்தில் இவள் பெயரும், 'மேன்மை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும் ஒரே மாதிரி தெரியும். அதை நம்பி 'நற்பண்பே உருவானவள்' என்று விளக்கம் எழுதிவிடுகிறார்கள். தமிழில் எழுதினால் இந்தக் குழப்பமே வராது. நமக்குக் குறில் எகரமும் நெடில் ஏகாரமும் தனித்தனியாக இருக்கின்றன. அரசி ஆரேத்தே. மேன்மை அரெத்தே. வேர்ச்சொல்லும் வேறு. இவள் பெயர் 'வேண்டுதல்' என்ற சொல்லிலிருந்து வருகிறது: வேண்டிப் பெற்றவள், அல்லது வேண்டப்படுகிறவள். ஹோமரே இதைக் காரணப்பெயர் என்கிறார். காரணம் சற்று நேரத்தில் அவள் முழங்காலில் வந்து விழப்போகிறது.

அந்த ஒருவன்தான் காவியத்தின் நாயகன் ஒடிசியஸ், டிராய் போர் முடிந்து ஊர் திரும்பத் தவிப்பவன். கடலில் இருபது நாள் கிடந்தவன். பதினேழு நாள் தெப்பத்தில் வந்தான். பதினெட்டாம் நாள் கரை கண்ணில் பட்டபோது கடல் தெய்வம் பொசைடன் தெப்பத்தை உடைத்தான். பிறகு இரண்டு பகலும் இரண்டு இரவும் நீச்சல். ஆற்று முகத்தில் ஏறி, துணி இல்லாமல் இலைக்குவியலுக்குள் தூங்கிவிட்டான். மறுநாள் அதே ஆற்றுக்கு இளவரசி நௌசிக்கா கோவேறு கழுதை வண்டியில் வீட்டு அழுக்குத் துணிகளை ஏற்றிக்கொண்டு துவைக்க வருகிறாள். அவளுக்குக் கூடையில் சாப்பாடும், ஆட்டுத்தோல் பையில் திராட்சை மதுவும், தங்கக் குப்பியில் ஆலிவ் எண்ணெயும் கட்டிக்கொடுத்து அனுப்பியது அம்மா. துவைத்துக் காயவைத்ததில் ஒரு மேலாடையையும் ஓர் உள்ளங்கியையும் அந்த அந்நியனுக்கு நௌசிக்கா கொடுக்கிறாள். இந்த இரண்டு துணிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரண்மனைக்கு எப்படிப் போக வேண்டும் என்றும் அவளே சொல்லித்தருகிறாள். கூடத்தை நிற்காமல் கடந்து போ. அடுப்பின் வெளிச்சத்தில், தூணில் சாய்ந்தபடி அம்மா கடல்நீலச் சிவப்பு நூல் நூற்றுக்கொண்டிருப்பாள், பின்னால் பணிப்பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவின் ஆசனமும் அதே தூணை ஒட்டித்தான் இருக்கும், அவர் மது அருந்திக்கொண்டிருப்பார். அவரைத் தாண்டிப் போய் அம்மாவின் முழங்காலைப் பிடி. அவள் மனம் உன் பக்கம் இருந்தால் ஊர் போய்ச் சேருவாய்.

அந்த நூலைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தச் சாயம் ஒருவகைக் கடற்சங்கின் சுரப்பியிலிருந்து எடுப்பது. 1909-இல் ஒரு ஜெர்மன் வேதியியலாளர் 12,000 சங்குகளை உடைத்துப் பார்த்தார்; கிடைத்த சாயம் 1.4 கிராம். அந்த நூலைக் கதிரில் சுற்றிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருப்பவள் வேலையில்லாமல் பொழுதுபோக்குகிறவள் இல்லை. வீட்டின் மிக விலையுயர்ந்த சரக்கு அவள் விரலில் ஓடுகிறது.

வழியில் அதீனா தேவி, தண்ணீர்க் குடம் தூக்கிய சிறுமியாக வந்து, குடும்ப வரலாற்றைச் சொல்கிறாள். பொசைடனின் மகன் நௌசித்தூஸ். அவனுக்கு இரண்டு பிள்ளைகள்: ரெக்ஸெனார், அல்கினூஸ். ரெக்ஸெனார் ஆண்வாரிசு இல்லாமல் மணமான புதிதிலேயே இறந்தான். அவனுடைய ஒரே மகள் ஆரேத்தே. சித்தப்பன் அல்கினூஸே அவளை மணந்தான். மூத்தவன் வழியில் எஞ்சியிருப்பவள் அவள்தான் என்பதால் அந்த வீட்டில் அவளுக்குள்ள கனம் கணவன் தந்தது மட்டுமில்லை. தெருவில் போனால் மக்கள் தெய்வத்தைப்போல் பார்க்கிறார்கள், ஆண்களுக்குள் வரும் வழக்குகளைக்கூட அவள் தீர்த்துவைக்கிறாள் என்கிறாள் அதீனா.

ஆக, இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள்: எல்லாம் அரசி கையில். ஒடிசியஸும் அப்படியே செய்கிறான். அதீனா போர்த்திய மூடுபனிக்குள் யார் கண்ணிலும் படாமல் கூடத்தைக் கடந்து இரு கைகளாலும் ஆரேத்தேயின் முழங்காலைக் கட்டிக்கொள்கிறான். அந்த நொடியில் பனி விலகுகிறது. கூடத்தில் இருந்தவர்களுக்கு, ஆள் வந்ததே தெரியாமல், அரசியின் காலடியில் ஒரு ஆள் முளைத்த மாதிரி. தன்னை ஊர் அனுப்பும்படி கேட்டுவிட்டு அவன் அடுப்புச் சாம்பலில் போய் உட்கார்கிறான்.

அரசி ஒன்றும் சொல்லவில்லை.

எண்ணிப் பாருங்கள். அவன் பேசி முடித்ததிலிருந்து அவள் வாய்திறக்கும் வரை ஏறக்குறைய 80 வரிகள். இவ்வளவு கட்டியம் கூறிவிட்டு அவளைப் பேசாமல் உட்காரவைத்தது கவிஞரின் சறுக்கல், இடையில் வேறு கை புகுந்துவிட்டது என்றெல்லாம் எழுதியவர்கள் உண்டு. என் கருத்து வேறு. அந்த 80 வரியில் நடப்பதை வரிசையாகப் பார்த்தால் தெரியும்.

முதலில் கூடமே வாயடைத்துப்போகிறது. கடைசியில் முதியவர் எகெனேயுஸ்தான் அரசனுக்கு நினைவூட்டுகிறார்: விருந்தாளி சாம்பலில் உட்காருவது அழகில்லை, கையைப் பிடித்து எழுப்பு. அல்கினூஸ் எழுப்பி, தன் பக்கத்தில் இருந்த செல்ல மகன் லயோதமாஸை எழுந்திருக்கச் சொல்லி அந்த ஆசனத்தைத் தருகிறான். பிறகு கிரேக்க வீட்டின் முறை: தங்கக் கூஜாவில் தண்ணீர் வரும், கீழே வெள்ளித் தாம்பாளம் ஏந்திக் கை கழுவச் செய்வார்கள்; மேசையை இழுத்துப் போடுவார்கள்; சரக்கறைப் பெண் ரொட்டி கொண்டுவருவாள்; மதுவில் தண்ணீர் கலந்து எல்லாருக்கும் ஊற்றி, அடைக்கலம் கேட்பவர்களுக்குத் துணைவரும் ஜீயஸுக்கு முதல் சொட்டு. சாப்பிட்டு முடித்த பிறகே 'நீ யார்' என்ற கேள்வி. இந்த வரிசை மாறக்கூடாது. மாறினால் என்ன ஆகும் என்பதை ஒற்றைக்கண் பாலிஃபெமஸ் குகையில் காண்கிறோம்: அவன் முதலில் பெயரைக் கேட்கிறான், பிறகு வந்தவர்களையே சாப்பிடுகிறான். அல்கினூஸ் நல்லவன்தான், ஆனாலும் அவசரக்காரன். ஒடிசியஸ் வாயில் கவளம் இருக்கும்போதே 'இவன் ஒருவேளை தேவனோ' என்று ஆராயத் தொடங்குகிறான். 'ஐயா, வயிற்றைப்போல் வெட்கங்கெட்டது ஒன்றுமில்லை, சாப்பிட விடுங்கள்' என்று ஒடிசியஸ் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் நடந்து, பெரியவர்கள் வீட்டுக்குப் போய், பாத்திரங்களை எடுத்து வைக்கும்போது கூடத்தில் மூன்று பேர் மட்டும். அப்போதுதான் அரசி பேசுகிறாள். 'அந்நியனே, முதலில் நானே ஒன்று கேட்கிறேன். நீ யார், எந்த ஊர்? இந்தத் துணிகளை உனக்குக் கொடுத்தது யார்?' ஏன் துணியைக் கேட்டாள் என்பதைக் கவிஞர் ஒரு வரியில் வைக்கிறார்: அந்த மேலாடையும் உள்ளங்கியும் அவளும் பணிப்பெண்களும் நெய்தவை. பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது.

அவள் நிலையில் இருந்து பாருங்கள். காலையில் மகள் துணி மூட்டையோடு ஆற்றுக்குப் போனாள். மாலையில் அந்த மூட்டையிலிருந்த துணியைப் போட்டுக்கொண்டு முன்பின் தெரியாத ஆண் ஒருவன் காலில் விழுகிறான். சபை நடுவில் கேட்டிருந்தால் அந்த நிமிடமே மகளின் பெயர் ஊர் வாயில். அதனால் கேள்வியைக் கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, சாப்பாடு முடியட்டும், ஆட்கள் போகட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். அந்த 80 வரி எனக்குச் சறுக்கலாகத் தெரியாததற்கு இதுதான் காரணம்.

ஒடிசியஸ் பதில் சொல்லும் சாமர்த்தியத்தையும் பாருங்கள். மூன்று பங்குக் கேள்வியில் 'நீ யார்' என்பதை மட்டும் நழுவவிடுகிறான். கலிப்சோ என்ற கடல்தேவதையின் தீவில் ஏழு ஆண்டு இருந்ததையும், அவள் தந்த அழியா ஆடைகளைக் கண்ணீரால் நனைத்ததையும், புயலையும், ஆற்றங்கரையில் நௌசிக்கா துணி கொடுத்ததையும் சொல்கிறான். பெயரைச் சொல்லவில்லை. ஆரேத்தே மறுபடி கேட்கவும் இல்லை. மறுநாள் இரவு, ஒன்பதாம் பகுதியின் தொடக்கத்தில்தான் 'நான் ஒடிசியஸ்' என்கிறான். துணிக்குக் கணக்கு சரியாகிவிட்டது. பெயர் வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டாள். அல்கினூஸோ அந்தப் பெயர் தெரியாதவனுக்கு அப்போதே பெண் கொடுக்கத் தயாராகிவிடுகிறான்! இந்த இடத்தில் படிப்பவர்கள் சிரிக்கலாம், ஹோமர் தடுக்கமாட்டார்.

துணியை வைத்து இவ்வளவு பேசுவதற்கு இன்னொரு ஆதாரமும் இருக்கிறது. கிரீட்டின் க்னோசாஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் ஏடுகள், ஹோமருக்குப் பல நூற்றாண்டு முந்தியவை. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்துக் காட்டியபோது, அவை கிரேக்க மொழியிலான அரண்மனைச் சரக்குக் கணக்குகள் என்று தெரிந்தது. துணிக் கணக்கில் ஒரு வகை: 'பா-வெ-ஆ கெ-செ-நு-வி-ஜா'. முதற்சொல் ஹோமரில் 'ஃபாரோஸ்' என்று வருகிற அதே மேலாடை. இரண்டாவது 'விருந்தாளிக்குரிய'. விருந்தாளி வருவதற்கு முன்பே அவனுக்கான துணியை நெய்து, எண்ணி, தனிக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அன்பு பொங்கியபோது எடுத்துக் கொடுப்பதற்கும் கிடங்கில் ஏதாவது இருக்க வேண்டுமே.

இரவு, ஆண்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்க, அரசி படுக்கை போடச் சொல்கிறாள். இடம் முன் தாழ்வாரம். நம் திண்ணையை நினைத்துக்கொள்ளலாம், எதிரொலிக்கும் அளவுக்குப் பெரிய திண்ணை. அடியில் செந்நீல மெத்தை விரிப்பு, அதன்மேல் சமுக்காளம், மேலே போர்த்திக்கொள்ளக் கனத்த கம்பளி. பெண்கள் தீவட்டி பிடித்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, 'எழுந்து வாருங்கள், படுக்கை தயார்' என்று கூப்பிடுகிறார்கள்.

மறுநாள் ஊர்த்திருவிழா மாதிரி. கப்பலுக்கு 52 இளைஞர்கள், விருந்துக்கு 12 ஆடு, 8 பன்றி, 2 மாடு, பாட்டு, பந்தயம். இதை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், பரிசுப் பொருளுக்கு வந்துவிடுவோம். நாட்டில் சிற்றரசர்கள் 12 பேர், அல்கினூஸ் பதின்மூன்றாவது. தலைக்கு ஒரு மேலாடை, ஓர் உள்ளங்கி, ஒரு டாலன்ட் தங்கம். இங்கே ஒரு தப்புக் கணக்கு அடிக்கடி நடக்கும். பிற்கால ஏதென்ஸின் டாலன்ட் ஏறக்குறைய 26 கிலோ; பதின்மூன்றால் பெருக்கினால் 338 கிலோ தங்கம்! ஒரு பெட்டியில் வைத்துத் தூக்கவே முடியாது. ஹோமர் காலத்து டாலன்ட் மிகச் சிறியது. ஹோமரின் இன்னொரு காவியமான இலியத்தில் தேர்ப்பந்தயப் பரிசு வரிசையைப் பாருங்கள்: மூன்றாம் பரிசு ஒரு புதுக் கொப்பரை, நான்காம் பரிசு இரண்டு டாலன்ட் தங்கம். இரண்டு டாலன்ட் ஒரு கொப்பரைக்கும் கீழே என்றால் அளவு புரியும்.

பெட்டியை உள்ளறையிலிருந்து எடுத்து வருவது ஆரேத்தே. மற்றவர்கள் கொடுத்ததை அடுக்கி, தன் பங்காக இன்னொரு மேலாடையும் உள்ளங்கியும் தன் கையாலேயே வைக்கிறாள். பக்கத்தில் முக்காலி அடுப்பில் குளிக்க வெந்நீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் அவளுடைய இரண்டாவது பேச்சு: 'மூடியை நீயே பார்த்துக்கொள், சீக்கிரம் முடிச்சுப் போடு. வழியில் கருங்கப்பலில் நீ இனிய தூக்கம் தூங்கும்போது யாரும் கைவைத்துவிடக்கூடாது.'

கப்பலை ஓட்டப்போவது அவள் சொந்த மக்கள். அவர்களையே நம்பாதே என்கிறாளா என்று சிலர் கேட்பார்கள். இதில் அவமரியாதை ஒன்றுமில்லை. பூட்டு இல்லாத பெட்டிக்கு முடிச்சுதான் முத்திரை. போட்டவன் விரலுக்கு மட்டும் தெரிந்த முடிச்சு அப்படியே இருந்தால், பெட்டியைத் தூக்கி வந்தவனும் சந்தேகத்திலிருந்து தப்பினான். விருந்தாளிக்கும் மாலுமிக்கும் பின்னால் சண்டை வராமல் இருக்க இதைவிட மலிவான வழி கிடையாது. கிர்கே என்ற சூனியக்காரி முன்பு கற்றுக்கொடுத்த சிக்கல் முடிச்சை ஒடிசியஸ் போடுகிறான்.

ஆனால் அந்தச் சொற்கள் அவன் காதில் எப்படி விழுந்திருக்கும்! முன்பு ஒருமுறை காற்றுக்கரசன் அயோலஸ், மேற்குக் காற்றைத் தவிர மற்றக் காற்றையெல்லாம் ஒரு தோல்பையில் அடைத்து, வெள்ளிக் கயிற்றால் கட்டிக் கொடுத்தான். ஒன்பது நாள் ஓட்டி, பத்தாம் நாள் சொந்த ஊரில் நெருப்பு மூட்டுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் தூரம் வந்தபோது இவன் அசந்து தூங்கிவிட்டான். உள்ளே பொன்னும் வெள்ளியும் இருக்கும் என்று கூட்டாளிகள் பையை அவிழ்த்தார்கள். காற்று மொத்தமும் வெளியே, கப்பல் திரும்பவும் நடுக்கடலில். கப்பல், தூக்கம், அவிழ்த்த கட்டு. ஆரேத்தேக்கு இந்தக் கதை தெரியாது. அவன் இன்னும் சொல்லவில்லை, பத்தாம் பகுதியில்தான் சொல்வான். அவள் வரியில் 'மறுபடி' என்று பொருள் கொள்ளக்கூடிய ஒரு சிறு சொல் வேறு இருக்கிறது. பத்து நாள் வழியைத் தூக்கத்தில் தொலைத்தவனிடம் 'மறுபடி தூங்கும்போது' என்கிறாள்.

மூன்றாவது பேச்சு பதினொன்றாம் பகுதியில். ஒடிசியஸ் தன் கதையைச் சொல்லிக்கொண்டே பாதாள உலகம் வரை வந்து, அங்கே கண்ட பெண்களை வரிசையாகச் சொல்கிறான்: டைரோ, ஆன்டியோபி, ஆல்க்மீனி, லீடா, அரியாட்னி என்று நீள்கிறது. மாவீரர்களை விட்டுவிட்டு முதலில் பெண்களைச் சொன்னது, யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்து சொன்னதுதான் என்பேன். இரவாகிவிட்டது என்று நிறுத்துகிறான். கூடத்தில் அமைதி. அதை உடைப்பது அரசி: 'இவன் தோற்றமும் உயரமும் அறிவும் உங்களுக்கு எப்படித் தெரிகிறது? இவன் என் விருந்தாளி. பெருமையில் உங்கள் ஒவ்வொருவருக்கும் பங்குண்டு. அவசரப்பட்டு அனுப்பாதீர்கள், தேவையோடு நிற்பவனுக்குக் கொடுப்பதைக் குறைக்காதீர்கள். உங்கள் வீடுகளில் நிறைய இருக்கிறது.'

'என் விருந்தாளி' என்ற இடத்தில் வரும் கிரேக்கச் சொல் 'க்ஸெய்னோஸ்'. அந்நியன், விருந்தாளி, விருந்து கொடுப்பவன் மூன்றுக்கும் அது ஒன்றே. நம் 'விருந்து' என்ற சொல்லுக்கும் பழைய பொருள் புதுமை என்பதை நினைத்தால் இது அந்நியமாகத் தெரியாது. நேற்று கூடத்துக்குள் யாருடைய ஆளாகவும் இல்லாமல் வந்தவனை, பெயர் தெரிந்த பிறகு, சபையறிய 'என்னுடையவன்' என்கிறாள். உடனே நன்கொடைக்கும் ஆள் சேர்க்கிறாள். முதியவர் எகெனேயுஸ் ஆமோதிக்கிறார், அரசன் உத்தரவிடுகிறான். ஒடிசியஸும் லேசுப்பட்டவனா, 'இப்படிக் கொடுப்பதானால் ஒரு வருடம்கூட இருப்பேன்' என்கிறான். பிறகு தலைக்கு ஒரு பெரிய முக்காலியும் கொப்பரையும் சேர்கின்றன. செலவை ஊர் மக்களிடம் வசூலித்துக்கொள்வோம் என்று அல்கினூஸ் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறான். அந்த வரியைத் தாராள மனத்தைப் புகழ்பவர்கள் மேற்கோள் காட்டுவதில்லை.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ரோட்ஸின் அப்பல்லோனியஸ் ஆர்கோ கப்பல் கதையைப் பாடியபோது, தகப்பன் வீட்டைவிட்டு ஜேஸனோடு ஓடிவந்த கோல்கிஸ் இளவரசி மெடியாவை ஆரேத்தேயின் முழங்காலில் விழவைத்தார். மெடியாவைத் திருப்பிக் கேட்டு கோல்கிஸ் படை கரையில் நிற்கிறது. அரசி படுக்கையறையில் கணவனிடம் பரிந்து பேசுகிறாள். கன்னியாக இருந்தால் தகப்பனிடம், மணமானவளாக இருந்தால் கணவனிடம் என்று தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டு அல்கினூஸ் தூங்கிப்போகிறான். அவள் ஓசைப்படாமல் எழுந்து தூதனை அனுப்புகிறாள். விடிவதற்குள் ஒரு குகையில், தங்கக் கம்பளியை விரித்து, ஜேஸனுக்கும் மெடியாவுக்கும் கல்யாணம். மறுநாள் அரசன் தீர்ப்பு நேர்மையாகவே வழங்கப்பட்டது. ஆள் போகும்வரை காத்திருந்து கேட்ட அதே பெண்தான் இவள்.

ஒடிசியஸ் புறப்படும் நாளுக்கு வருவோம். அல்கினூஸ் தானே கப்பலில் ஏறி, துடுப்பு போடுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வெண்கலப் பாத்திரங்களை இருக்கைகளுக்கு அடியில் அடுக்குகிறான். கூடத்தில் ஒடிசியஸ் கடைசிக் கிண்ணத்தை வைப்பது ஆரேத்தேயின் கையில்: 'மூப்பும் சாவும் வரும்வரை நலமாயிரு அரசியே, இந்த வீட்டில் பிள்ளைகளோடும் மக்களோடும் அல்கினூஸோடும் மகிழ்ந்திரு.' அவள் வாயால் பதில் இல்லை. மூன்று பெண்களைக் கூட அனுப்புகிறாள். ஒருத்தி கையில் துவைத்த மேலாடையும் உள்ளங்கியும், ஒருத்தியிடம் அந்தப் பெட்டி, ஒருத்தியிடம் ரொட்டியும் சிவப்பு மதுவும். ஆற்றங்கரையில் மகள் கொடுத்தது எதுவோ, கடற்கரையில் தாய் கொடுப்பதும் அதுவே.

அவள் சொன்னபடியே அவன் கப்பலில் தூங்கிவிடுகிறான், சாவைப்போன்ற தூக்கம். அவன் சொந்த ஊரான இதாக்காவில் தூக்கம் கலையாமல் இறக்கி மணலில் கிடத்தி, பொருள்களை ஆலிவ் மரத்தடியில் குவித்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஊர் நெருங்கும்போது பொசைடன் அந்தக் கப்பலைக் கல்லாக்குகிறான். இன்றைய கோர்ஃபுவில் எலித் தீவு என்ற சிறு பாறைத் திட்டைக் காட்டி அதுதான் என்பார்கள். கோர்ஃபுவின் பழைய நகரம் ஃபேயாக்கியர் வழிவந்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டது. அங்கே ஜீயஸுக்கும் அல்கினூஸுக்கும் உரிய புனித நிலத்தில் திராட்சைக் கொடிக்கு ஊன்றும் கழிகளை வெட்டியதற்குக் கழிக்கு ஒரு ஸ்டேட்டர் நாணயம் அபராதம் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். ஒடிசியிலோ, இனி யாரையும் கொண்டுபோய் விடமாட்டோம் என்று அல்கினூஸ் முடிவெடுத்து, 12 காளைகளைப் பலியிடப் பீடத்தைச் சுற்றி நிற்கிறார்கள். அவர்கள் கதி என்ன ஆயிற்று என்று சொல்லாமல் அந்த வரியிலேயே கவிஞர் அவர்களை விட்டுவிடுகிறார்.

விழித்த ஒடிசியஸுக்குத் தன் ஊர் என்று தெரியவில்லை. ஏமாற்றி வேறெங்கோ இறக்கிவிட்டார்கள் என்று ஃபேயாக்கியரைத் திட்டுகிறான். எதையாவது எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று உட்கார்ந்து எண்ணுகிறான். முக்காலிகள், கொப்பரைகள், தங்கம், கடைசியாக நெய்த துணிகள். ஒன்றுகூடக் குறையவில்லை.